ஏ.சி.யை நிறுத்திய நாற்பது நிமிடம்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவள் நான். இதைச் சொன்னால் என் கடையில் வேலை பழகும் பெண்கள் சிரிக்கிறார்கள். செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ரயிலில் ஏ.சி. மெக்கானிக். பணிமனையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையில்லை. ரயிலோடு கூடவே போய், கூடவே திரும்பி வருகிற வேலை. அந்த வேலையிலிருந்து கருவிப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். எனக்குத் தெரிந்த வரையில் அதற்குப் பெயர் ஓய்வுதான்.

போன வாரம் கடைக்கு வந்த பாலிடெக்னிக் மாணவி பவித்ரா, புது ரயில் பெட்டிகளைப் பற்றிச் செல்போனில் எதையோ படித்துவிட்டு வந்தாள். அவற்றில் எங்கே கோளாறு என்று ஒரு திரையே சொல்லிவிடுமாம். நல்ல விஷயம்தான் என்றேன். அவள் விடவில்லை.

"அப்ப நீங்க நாலு நாளு கூடவே போயி இன்னாக்கா செஞ்சீங்க?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு பயணத்தைச் சொல்லிப் பதில் தருகிறேன்.

படிப்பும் பயிற்சியும் சுருக்கமாக: மின்னியல் டிப்ளமோ, மூன்று ஆண்டு. பணிமனையில் பயிற்சி, இரண்டு ஆண்டு. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. வேலைக்கு ஆர்டர் வந்த அன்று நைனா அதை இரண்டு முறை படித்துவிட்டு, ரயிலே இல்லாத ஊரிலிருந்து ரயிலுக்கு மெக்கானிக் போவதை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். பெட்டியின் கூரையில் ஏறுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. பள்ளிக்கூட நாளில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறிப் பழகிய கால்கள். கஷ்டமெல்லாம் பெயர்ப்பலகையில்தான் இருந்தது. வாரா வாரம் எந்த ரயிலோடு யார் போவது என்று எழுதும் பலகை அது. குறுகிய தூர ரயில்களில் என் பெயர் வந்தது. தென்கோடியிலிருந்து அசாம் வரை நாடு முழுவதையும் குறுக்கே கடந்து போகும் ரயிலில் மட்டும் வரவில்லை. பணிமனையில் இருந்த எந்தப் பெண்ணின் பெயரும் அதில் வந்ததில்லை.

பலகையில் எழுதுபவர் எங்கள் மேலாளர் பரமானந்தம் சார். குரல் உயர்த்தமாட்டார். பாராட்டவும் மாட்டார். நாம் எதைப் போய்ச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்தியா, நெனக்கிறியா?" மின்விசிறி ஓடுகிறது சார் என்றால், பாத்தியா, நெனக்கிறியா? வடிகட்டி கழுவியாச்சு சார் என்றால், பாத்தியா, நெனக்கிறியா? 'நினைக்கிறேன்' என்று பதில் சொன்னவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஆறு மாதத்தில் நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் அவர் முன்னால் போய் நின்றோம்.

மூன்றாவது முறையாக அசாம் ரயிலைக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"ஒரு டிரிப் போயிட்டு வா. மூணு ஏ.சி. பெட்டி போவுது, மூணும் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போவணும். வழியில ஒண்ண கழட்டி விட்டுட்டு வந்தேன்னா, அப்புறம் இந்தப் பேச்ச எடுக்காத."

நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். பட்டியல் போடாமல் எனக்குக் கை ஓடாது. பெட்டி ஒன்றுக்குப் பன்னிரண்டு வரி, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. மின்னழுத்தம், மின்னோட்டம், கம்ப்ரஸர், வெளி விசிறி, உள் விசிறி, தெர்மோஸ்டாட், உள்ளே வெப்பநிலை என்று போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் கூரையில் இரண்டு ஏ.சி. இயந்திரங்கள், இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. பெட்டிக்குள் இருக்கும் காற்றை, கூரையில் இருக்கும் கம்பி வலை வழியாக மேலே இழுத்து, குளிர்ந்த குழாய்களின் மேல் ஓடவிட்டு, மறுபடி உள்ளே அனுப்பும். அவ்வளவுதான் ஏ.சி. கிளம்புவதற்கு முன் அந்த வலையில் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பார்ப்போம். காற்று இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும். ஆறு வலையிலும் வைத்தேன். ஆறிலும் ஒட்டியது.

என் நடுப்பெட்டியில் படுக்கை விரிப்பும் கம்பளியும் கொடுக்கும் ஆள் செல்வம். தளவானூர்க்காரன். நான் செஞ்சி என்றதும், நாலாயிரம் கிலோமீட்டர் போகிற ரயிலில் பக்கத்து ஊர் அக்காவிடமா மாட்டிக்கொண்டேன், இனி ஒரு விரிப்பு குறைந்தாலும் ஊரில் தெரிந்துவிடுமே என்று புலம்பினான்.

காட்பாடியில் அந்தப் பெட்டி நிரம்பியது. வேலூரில் வைத்தியம் முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வங்காள, அசாம் குடும்பங்கள். ஸ்கேன் படம் வைத்த பெரிய உறைகளைக் கையில் பிடித்தபடி ஏறினார்கள். அதில் ஒரு அண்ணனும் தங்கையும். அண்ணன் திபென், இருபத்தைந்து வயது இருக்கும். சிறுநீரகம் மாற்றி நாலு மாதம். சிறுநீரகம் கொடுத்தவள் தங்கை ரீமா. கூட்டத்தில் இருக்கக்கூடாது, முகக்கவசம் கழற்றக்கூடாது, தொற்று வந்தால் கொடுத்த சிறுநீரகமும் போய்விடும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே கடன் கிடன் வாங்கியாவது ஏ.சி. பெட்டியில் போங்கள் என்றார்களாம். அவர்கள் இறங்க வேண்டியது அசாமில் மரியானி.

ரீமாவுக்குத் தமிழ் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெருக்கித் துடைக்கும் பெண்களிடம் நாலு மாதத்தில் கற்ற தமிழ். அசாம் முகத்தோடு அவள் "இன்னாக்கா, சாப்டியா?" என்று கேட்டபோது செல்வம் தலையணை உறைகளைக் கீழே போட்டுவிட்டான்.

முதல் இரண்டு நாள் பட்டியலில் பன்னிரண்டு வரிக்கும் 'சரி'. விசாகப்பட்டினத்தில் என்ஜினைக் கழற்றி ரயிலின் மறுமுனையில் மாட்டும் நேரத்தில் மூன்று பெட்டிகளையும் சுற்றிவந்தேன். அப்போதுதான் ரீமா என்னைக் கூப்பிட்டு மேலே காட்டினாள். அவர்கள் படுக்கை, பெட்டியின் முனையில், காற்றை இழுக்கும் வலைக்குப் பக்கத்தில் இருந்தது. செல்வம் அந்த இடத்தில்தான் நின்று கம்பளிகளை உதறி மடிப்பான். நூலும் தூசியும் மிதந்தன. வலையின் கம்பிகளில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

"அக்கா, டஸ்டு வருது. அண்ணனுக்கு ஆவாது. துணி கட்ட முடியுமா?"

முடியும் என்றேன். ஏணி எடுத்து, சலவை செய்த வெள்ளை விரிப்பை இரண்டாக மடித்து வலையின் மேல் இழுத்துக் கட்டினேன். ஒன்றைச் செய்தால் முழுதாகச் செய்பவள் நான். மறுமுனை வலைக்கும் அதேபோல ஒன்று. ரீமா கைகூப்பினாள். எனக்கு அன்று முழுவதும் மனம் நிறைவாக இருந்தது. அந்த வேலையை நான் பட்டியலில் எழுதவில்லை. அது பழுது இல்லை, உதவி. உதவிக்கு என் பட்டியலில் வரி கிடையாது.

மறுநாள் காலை வங்காளத்துக்குள் நுழைந்திருந்தோம். மழைக்காலம். வெளியே வயலெல்லாம் தண்ணீர், காற்றிலும் தண்ணீர். நடுப்பெட்டியில் வெப்பநிலை இருபத்தாறு. ஒரு மணி நேரத்தில் இருபத்தெட்டு. பயணிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து சொன்னார்கள். நான் பட்டியலை எடுத்தேன். மின்னழுத்தம் சரி. கம்ப்ரஸர் ஓடுகிறது. விசிறிகள் ஓடுகின்றன. மின்னோட்டம் அதிகமில்லை, சரி. தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்தேன். இருபத்தொன்பது. இன்னும் குறைத்தேன். முப்பது. மற்ற இரண்டு பெட்டிகளிலும் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள்.

பட்டியலை மூன்று முறை மேலிருந்து கீழே பார்த்தேன். பன்னிரண்டும் சரி. பெட்டி மட்டும் சரியில்லை. அந்த ஜன்னல்கள் திறக்கமுடியாத கண்ணாடி. அறுபத்து நாலு படுக்கை, எழுபதுக்கு மேல் ஆட்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ராணுவ வீரர் ஒருவர், ஆறடிக்கு மேல் உயரம், மின்பலகைக்கு முன்னால் வந்து நின்று, மெக்கானிக் எங்கே, ஆம்பளை யாரும் இல்லையா என்று இந்தியில் கேட்டார். மெக்கானிக் நான்தான் என்றேன். அப்படியானால் செய் என்றார்.

டிக்கெட் பரிசோதகர் அடுத்த ஜங்ஷனுக்குத் தகவல் கொடுத்துவிட்டார். அங்கிருந்த பொறியாளர் எனக்குப் போன் செய்தார். பொறுமையான மனிதர். இந்தி மெதுவாகப் பேசினார். இரண்டு மணி நேரத்தில் ரயில் அவரிடம் வரும், அப்போது பெட்டி குளிராமல் இருந்தால் கழற்றிவிட்டு மற்ற பெட்டிகளை அனுப்புவார். காற்றில்லாத பெட்டியில் மனிதர்களை அடைத்து அனுப்பமாட்டேன் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மாற்றுப் பெட்டி அவரிடம் இல்லை. மற்ற ஏ.சி. பெட்டிகள் இரண்டும் நிரம்பியிருந்தன. எங்கள் எழுபது பேரும் சாதாரணப் பெட்டிகளுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். வாசற்படி வரை ஆட்கள் உட்கார்ந்திருந்த பெட்டிகள் அவை.

இதை ரீமாவிடம் நான்தான் சொன்னேன். மறைப்பது சரியில்லை. அவள் அழவில்லை. கைப்பையைத் திறந்து மீதமிருக்கும் முகக்கவசங்களை எண்ணினாள். திபென் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மரியானிக்கு இன்னும் ஒரு நாள் பயணம் இருந்தது.

சின்ன நிலையம் ஒன்றில் ரயில் நின்றது. கீழே இறங்கி வெளியிலிருந்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். செல்வம் வாசலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைத் தேற்ற எனக்குத் தெம்பில்லை. அவன்தான் என்னைத் தேற்றப் பார்த்தான்.

"ஒரு நல்லது இன்னான்னா அக்கா, காலைல இருந்து இந்தப் பக்கம் தண்ணியே சொட்டல. நேத்து ஏறுறவன் தலையிலெல்லாம் சொட்டிச்சி, என்னிய திட்டுனானுங்க."

நான் அவனைப் பார்த்தேன். பிறகு பெட்டியின் முனையில் கீழே இறங்கும் வடிகுழாயைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஓடிப்போய் மறுமுனையைப் பார்த்தேன். அதுவும் காய்ந்திருந்தது. வங்காளத்து மழைக்காலக் காற்றைக் குளிர்விக்கும் இயந்திரத்திலிருந்து தண்ணீர் வாளிக் கணக்கில் வரவேண்டும். வரவில்லை என்றால் அந்தத் தண்ணீர் மேலேயே நிற்கிறது. குளிர்ந்த குழாயில் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று முதலாம் ஆண்டு மாணவிக்கும் தெரியும்.

ரயில் நகர்ந்தது. ஏறி, ஏணியை விரித்தேன். முதலில் தாளை எடுத்து விரிப்பின் மேல் வைத்தேன். தாள் என் தோளில் விழுந்தது. விரிப்பை அவிழ்த்தேன். உள்பக்கம் முழுக்க சாம்பல் நிறத்தில் கம்பளி நூல் அப்பியிருந்தது. வலையைக் கழற்றி, வடிகட்டியை இழுத்து, டார்ச் அடித்தேன். குழாய்கள் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர். நான் கட்டிய துணி காற்றை நிறுத்தியிருக்கிறது. காற்று வராததால் குழாய்கள் உறைந்திருக்கின்றன. உறைந்ததால் இருந்த கொஞ்சக் காற்றும் நின்றிருக்கிறது. வெப்பம் ஏற ஏற நான் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து, அந்தப் பனிச்சுவரை இன்னும் தடிமனாக்கியிருக்கிறேன். பட்டியலில் 'மின்னோட்டம் அதிகமில்லை, சரி' என்று எழுதினேனே, அது அதிகமில்லை என்பது மட்டுமில்லை, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. இயந்திரம் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் நான் சரி என்று எழுதியிருந்தேன்.

பரமானந்தம் சாருக்குப் போன் செய்தேன். சிக்னல் போவதற்குள் சொல்லவேண்டியதை வரிசையாகச் சொன்னேன். வலையில் துணி கட்டியது நான், இரண்டு பக்கமும். குழாய்கள் உறைந்துவிட்டன. உருக்க வேண்டுமானால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு உள் விசிறியை மட்டும் ஓடவிட வேண்டும், நாற்பது நிமிடம். பெட்டி இப்போதே முப்பத்தொன்று.

"பாத்தியா, நெனக்கிறியா?"

"பாத்தேன் சார். கையால தொட்டுப் பாத்தேன்."

அவர் உடனே சொன்னார்.

"அப்ப நிறுத்து. யாரு கேட்டாலும் உன் பேரச் சொல்லு. அது உன் பெட்டி."

பேச்சு அவ்வளவுதான். புழுங்கிச் சாகிற பெட்டியில் ஏ.சி.யை நிறுத்தப்போகிறேன் என்று எழுபது பேரிடம் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த இந்தி கருவிகளுக்கும் சாப்பாட்டுக்கும் போதும், இதற்குப் போதாது. இருந்தாலும் நடுவில் நின்று, விரிப்பைக் கையில் விரித்துக் காட்டி, இதை நான்தான் கட்டினேன், தவறு என்னுடையது, நாற்பது நிமிடம் கொடுங்கள் என்றேன். ராணுவ வீரர் குறுக்கே வந்து நின்றார். ஓடுகிற ஏ.சி.யை நிறுத்தினால் பெட்டி குளிரும் என்று சொல்ல எவ்வளவு தைரியம் என்று கேட்டார். பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் அவரோடு சேர்ந்தன.

ரீமா எழுந்து வந்தாள். சின்ன உருவம். என்னிடம் தமிழில் சொன்னாள்.

"நீ சும்மா இரு அக்கா. எனக்குன்னுதான கட்டுன. நான் பேசுறேன்."

அவள் முதலில் இந்தியில் பேசினாள், பிறகு வங்காளத்தில், பிறகு அசாமியில். முழுவதும் எனக்குப் புரியவில்லை. துணி கட்டச் சொன்னது அவள் என்பதும், அவளுடைய சிறுநீரகம் அண்ணன் உடம்பில் இருக்கிறது என்பதும், இந்தப் பெட்டியை விட்டால் அதற்கு வேறு பெட்டி இல்லை என்பதும் புரிந்தது. கெஞ்சவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ராணுவ வீரர் திபெனின் படுக்கையைத் திரும்பிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிடம் என்றார். பிறகு ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு இயந்திரங்களையும் நிறுத்தினேன். விசிறி மட்டும். வடிகட்டிகளைக் கழற்றி வாஷ்பேசினில் கழுவினேன். முனைக் கதவுகள் இரண்டையும் திறந்து, குழந்தைகள் அந்தப் பக்கம் போகாதபடி செல்வத்தை ஒரு கதவிலும் வீரரை இன்னொன்றிலும் நிறுத்தினேன். திபெனைக் கதவுப் பக்கத்தில் பணியாளர் உட்காரும் தனி இருக்கையில் உட்காரவைத்தோம். பத்து நிமிடம். முப்பத்திரண்டு. இருபது நிமிடம். முப்பத்து மூன்று. ஒரு அம்மா தன் விசிறியால் பக்கத்து படுக்கைக் குழந்தைக்கும் சேர்த்து வீசிக்கொண்டிருந்தார். நான் நிமிடத்துக்கு ஒரு முறை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதாமல் என்னால் நிற்க முடியவில்லை.

இருபத்தேழாவது நிமிடம், மேலே ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. பனிக்கட்டி பெயர்ந்திருந்தது. செல்வம் வெளியே எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"ஊத்துது அக்கா! குழா நெறைய ஊத்துது!"

வடிகுழாய்க்குள் அடங்காத தண்ணீர் வலை வழியாகவும் கொட்டியது. நானும் ஏணியும் நனைந்தோம். பயணிகள் வாளியும் டம்ளரும் டிபன் டப்பா மூடியும் கொண்டுவந்து பிடித்தார்கள். யாரோ அந்தக் குளிர்ந்த தண்ணீரைக் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பது நிமிடம் முடிந்தும் நான் தொடங்கவில்லை. இன்னும் ஆறு நிமிடம் எடுத்து, டார்ச் அடித்து, இரண்டு முனையிலும் கடைசிக் குழாய் வரை வெறும் செம்பு தெரிகிறதா என்று பார்த்தேன். வீரர் கடிகாரத்தைக் காட்டினார். பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்றேன். தெர்மோஸ்டாட்டை இருபத்து நாலில் வைத்து, முதல் கம்ப்ரஸரைப் போட்டேன். அரை நிமிடம் விட்டு அடுத்தது. மின்னோட்டம் ஏறி, இருக்கவேண்டிய இடத்தில் போய் நின்றது. தாளை வலையில் வைத்தேன். பட்டென்று ஒட்டிக்கொண்டது.

முப்பத்திரண்டு. முப்பது. இருபத்தெட்டு. ஒவ்வொரு எண்ணையும் நான் சத்தமாகப் படிக்க, ரீமா மூன்று மொழியில் திருப்பிச் சொன்னாள்.

ஜங்ஷனில் பொறியாளர் நாலு ஆட்களோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தார். பெட்டியைப் பிரிக்க ஆட்கள் தயாராக வந்திருந்தார்கள். அவர் தன்னுடைய வெப்பமானியைக் கொண்டுவந்து, என் மின்பலகையைப் பார்க்காமல், பெட்டியின் நடுவில் போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தைந்து. மறுமுனைக்குப் போய் நின்றார். இருபத்தைந்து. என்ன கோளாறு என்று கேட்டார். சொன்னேன். யார் கட்டியது என்று கேட்டார். நான் என்றேன். அவர் என் பட்டியலை வாங்கி, நிமிடத்துக்கு ஒன்றாக எழுதியிருந்த நாற்பத்தாறு வரிகளையும் படித்தார். கடைசி வரியின் கீழே 'ரயிலோடு செல்லலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே இறங்கி, அந்த நாலு பேரையும் கையசைத்துப் போகச் சொன்னார்.

ரயில் புறப்பட்டபோது பெட்டிக்குள் எழுந்த சத்தத்தில் குழந்தை மறுபடி அழுதது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதற்குப் பிறகு செல்வம் கம்பளிகளை வாசலுக்கு வெளியே நீட்டித்தான் உதறினான். வலைகளின் வடிகட்டியை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை நான் கழுவி மாட்டினேன். திபெனுக்குத் தூசியும் வரவில்லை, காற்றும் நிற்கவில்லை. முதலிலேயே அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

மறுநாள் மரியானியில் திபென் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினான். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் சிரித்தது. அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் பிளாட்பாரத்தில் காத்திருந்தார்கள். ரீமா அவர்களிடம் என்னைக் காட்டி நீளமாக எதையோ சொன்னாள். அந்த அம்மா என் எண்ணெய்க் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று பெட்டிகளும் அன்று மாலையே கடைசி நிலையத்தைத் தொட்டன.

திரும்பி வந்து அறிக்கை எழுதினேன். கோளாறின் காரணம் என்ற இடத்தில் 'வலையில் நான் கட்டிய துணி' என்று எழுதினேன். செல்வம், தூசி அடைப்பு என்று மட்டும் போடச் சொன்னான். அதுவும் பொய்யில்லை. ஆனால் அடுத்து போகிறவர் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் கற்கமுடியாது.

பரமானந்தம் சார் அறிக்கையை நின்றபடியே படித்தார். என் பன்னிரண்டு வரிப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். அடியில் தன் பேனாவால் பதின்மூன்றாவது வரியை எழுதினார்: 'இந்தப் பயணத்தில் நானே செய்த மாற்றம் என்ன?' அதைப் பிரதி எடுத்து அசாம் ரயிலில் போகும் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பெயர்ப்பலகைக்குப் போனார். அடுத்த அசாம் ரயிலுக்கு நேராக என் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"இனிமே ரெண்டு பேரு போவலாம். கூட யாரு வேணும்?"

அந்த ரயிலுக்கு நேராகத் தன் பெயர் வருமா என்று இரண்டு ஆண்டாக என்னைப் போலவே காத்திருந்த, எங்கள் பணிமனை மெக்கானிக் வசந்தியின் பெயரைச் சொன்னேன். அவர் எழுதினார்.